தாய்க்கோழியும் வெப்பத்தகடும்



திருவனந்தபுரத்துப் பழவங்காடி என்றதும், அங்கு ஒருமுறை வந்து சென்றவர்க்கும் பிள்ளையார் சந்நிதியும், அங்கே ஓயாது உடைபடும் தேங்காய்களின் ஒலியும் நினைவுக்கு வரும். ஒருபுறம் கிழக்கேகோட்டை, மறுபுறம் கூப்பிடு தூரத்தில் சாலைக் கடைத்தெரு. அந்த நெரிசலுக்கு நடுவே, கைப்பிடியளவு கொல்லை உள்ள ஒரு வீட்டில் நாம் குடியிருக்கிறோம். அக்கொல்லையில் கோழி வளர்க்க முயன்று, இழப்புக்குப் பின் கற்ற பாடமொன்றையே இன்று சொல்ல வந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில், பிள்ளைகளின் பிடிவாதத்துக்கு இணங்கி, ஒரு நாள் வயதான பன்னிரண்டு குஞ்சுகளை வாங்கி வந்தோம். அட்டைப்பெட்டியில் செய்தித்தாளை விரித்து, மேலே நூறு வாட் மின்விளக்கொன்றைத் தொங்கவிட்டோம். இந்நகருக்கு மின்சாரம் வந்தது 1929-ஆம் ஆண்டில். அதன் நினைவாக ‘பவர் ஹவுஸ் சாலை’ என்ற பெயர் நம் வீட்டருகே இன்றும் வழங்குகிறது. அத்தகைய இடத்தில் வாழ்வோர்க்கு விளக்கு அணையும் என்ற ஐயம் எழவில்லை. மூன்றாம் நாள் இரவு காற்றும் மழையும் வந்தன, மின்சாரம் நின்றது. நாம் போர்வையை இழுத்துக்கொண்டு உறங்கினோம். விடிந்து பார்க்கையில் குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. அடியில் கிடந்த ஏழும் உயிரோடில்லை. இளைய மகள் அன்று முழுதும் நம்மோடு பேசவில்லை.

மழையைக் குறை கூறிப் பயனில்லை. குறை நம் அறியாமையே. முட்டையினின்று வெளிவந்த குஞ்சுக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் முழுமையாக இல்லை. மெல்லிய தூவி உதிர்ந்து இறகு முளைக்க நான்கு வாரங்களேனும் ஆகும். முதல் வாரம் அதற்குச் சுமார் 35 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் மூன்று பாகை அளவில் குறைத்து வரலாம். மழைக்கால இரவில் திருவனந்தபுரத்தில் 23, 24 பாகை இருக்கும். நமக்கு இதமான அந்த இரவு குஞ்சுக்குக் கொடுங்குளிர்.

தாய்க்கோழி என்ன செய்கிறது? வீடு முழுவதையுமா சூடாக்குகிறது? இல்லை. ஏறக்குறைய 41 பாகை சூடுள்ள தன் உடலைத் தாழ்த்தி, சிறகின் கீழ் இருளும் கதகதப்பும் கூடிய ஓரிடத்தை அமைக்கிறது. குளிர்ந்த குஞ்சு உள்ளே நுழைகிறது. பசித்த குஞ்சு வெளியே ஓடுகிறது. வேண்டும்போது வந்து, வேண்டாதபோது விலகும் அந்த உரிமையே குஞ்சின் உயிர்நாடி.

இதை ஒட்டி அமைந்ததே வெப்பத்தகடு. நான்கு கால்கள் மேல் நிற்கும் சிறு பலகை போன்றது. அதன் அடிப்பக்கம் மின்சாரத்தால் மிதமாகச் சூடேறும். குஞ்சுகள் கீழே புகுந்து முதுகைத் தகட்டோடு உராய்ந்து படுத்துக்கொள்ளும். பெரும் பண்ணைகளில் தொங்கும் அகச்சிவப்பு விளக்கு 250 வாட். இரவும் பகலும் எரித்தால் நாளொன்றுக்கு ஆறு யூனிட். இருபது குஞ்சுகளுக்கான சிறு தகட்டுக்கு இருபது வாட் அளவே போதும். நாளுக்கு அரை யூனிட்டும் ஆகாது. அறுந்து விழுந்த விளக்கு வைக்கோலில் தீ மூட்டும் அச்சமும் இதில் இல்லை. மேலும், விளக்கின் கீழ் வளரும் குஞ்சுக்கு இரவே இல்லை. இருண்ட அடைப்பில் வளரும் குஞ்சுகள் பிற்காலத்தில் ஒன்றன் இறகை ஒன்று கொத்துவது குறைகிறதென்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டுள்ளனர்.

பயன்படுத்தும் முறையில் சில கவனிக்கத்தக்கவை. நிற்கும் குஞ்சின் முதுகு தகட்டைத் தொடுமளவு உயரம் வைத்து, வளர வளர உயர்த்த வேண்டும். முதல் நாள் ஒவ்வொரு குஞ்சையும் கையால் தகட்டின் கீழ் விட்டுப் பழக்குவது நலம். தீனியும் நீரும் வெளியே, அருகில் இருக்கட்டும். வழுக்கும் செய்தித்தாளில் குஞ்சின் கால்கள் அகன்று ஊனமாகக்கூடும். உமியோ மரத்தூளோ பரப்புக.

தகடு காற்றைச் சூடாக்குவதில்லை. ஆகவே வெப்பமானியைவிடக் குஞ்சுகளே நம்பத்தக்க சாட்சி. குவிந்து நின்று கீச்சிட்டால் குளிர். ஓரங்களுக்கு ஒதுங்கி வாய் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் மிகுதி. ஒரே பக்கமாய் ஒதுங்கினால் காற்று வீசுகிறது. பரவலாய்ப் படுத்து உறங்கினால் எல்லாம் நலம். நம் குஞ்சுகளும் விளக்கு எரிந்த இரண்டு நாளும் ஓரத்தில் நின்று வாய் திறந்தே இருந்தன. அதைச் சுறுசுறுப்பு என்று எண்ணி மகிழ்ந்தோம்.

மின்சாரம் நின்றால் தகடும் குளிரும். ஆனால் அதற்கு வேண்டிய மின்சாரம் சிறிதாதலால், வீட்டு இன்வெர்ட்டரே ஓர் இரவைத் தாங்கும். அதுவும் இல்லையேல், வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, காற்றுக்கு இடம்விட்டுக் கம்பளியால் மூடுக.

நேயர்களில் தில்லியில் வாழ்வோர்க்கு ஓர் எச்சரிக்கை. மார்கழி, தை இரவுகளில் அங்கு பத்துப் பாகைக்கும் கீழே குளிர் இறங்கும். அத்தகைய குளிரில் திறந்த கொட்டகைக்குத் தகடு மட்டும் போதாது. வீட்டினுள்ளே வைத்தல் வேண்டும். சென்னை, மும்பை, திருவனந்தபுரம் போன்ற கடலோர ஊர்களுக்கோ இது மிகப் பொருத்தம். மூன்றாம் வாரத்துக்குப்பின் பகலில் தகடே வேண்டியதில்லை. இந்நகரில் ஐயம் கேட்க விரும்புவோர், குடப்பனக்குன்னில் உள்ள அரசு மண்டலக் கோழிப்பண்ணையை நாடலாம்.

மறு ஆண்டு மீண்டும் பன்னிரண்டு குஞ்சுகள் வந்தன, இம்முறை தகட்டோடு. மழையும் வந்தது; மின்சாரமும் நின்றது. நாம் உறங்கவில்லை. விடியலில் இளைய மகளே தகட்டைத் தூக்கி எண்ணினாள். பன்னிரண்டும் இருந்தன.

கருவி எதுவாயினும் தாயாகிவிடாது. கண்விழித்துக் காக்கும் பொறுப்பு நம்முடையதே. ஆயினும் தாயின் வழியைப் பின்பற்றும் கருவி, அப்பொறுப்பை எளிதாக்குகிறது.