பட்டமளிப்பு நாளும் பெற்றோர் கடமையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எம்மை இன்று பேசுமாறு பணித்த சங்கத்தார் பொருளையும் தாமே வரையறுத்துத் தந்தனர். நம் குடும்பங்களிற் கல்லூரிப் படிப்பை முடித்த பிள்ளைகள் பலர் பட்டமளிப்பு விழாவுக்குச் செல்லவிருக்கின்றனர். அவ்விழாவுக்கு அவர்களும் பெற்றோரும் எங்ஙனம் ஆயத்தமாதல் வேண்டும், ஆங்கே எங்ஙனம் ஒழுகுதல் வேண்டும், மீண்டபின் செய்யத்தக்கது யாது என்பவற்றைக் கூறுக என்பது அவர்கள் கட்டளை. இஃது எளிய பொருளேயாயினும், நம் சமூகத்தின் நலம் ஒன்று இதனுள் அடங்கியிருத்தலின், சற்றுப் பொறுமையுடன் செவிசாய்க்குமாறு வேண்டிக்கொள்ளுகின்றோம்.

பட்டமளித்தல் மேனாட்டு வழக்கம் என்றும், நமக்கு முற்றும் புதியது என்றும் சிலர் கருதுவர். அங்கி மேனாட்டினதே. ஐரோப்பாவிற் பல்கலைக்கழகங்கள் சமய குருமாரின் நிழலில் வளர்ந்த காலத்து அவர் அணிந்த நீண்ட உடையினின்று வந்தது அது. 2019-ல் நம் நாட்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விழா அங்கிகளைக் கைத்தறித் துணியால் அமைக்குமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. ஆகவே உடை மாறும். கற்றாரை அவைமுன் நிறுத்தி, அவர்தம் கல்வியை ஊரறிய ஒப்புக்கொள்ளும் கருத்தோ நம் முன்னோர்க்கும் உடன்பாடே. தொல்காப்பியம் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு முன் அரங்கேறியது என அந்நூற் பாயிரம் கூறும். சிலப்பதிகாரத்து மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதிற் சோழன் முன் ஆடித் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். தமிழ் நூலிற் காணும் சிறந்த பட்டமளிப்பு ஒரு பெண்ணுக்கு நிகழ்ந்தது என்பதை நம் தாய்மார்கள் நினைவிற் கொள்ளல் நன்று.

அன்று அவையோர் வினாவினர், கற்றோர் விடையிறுத்தனர். இன்று மேடையிற் பெயர் மட்டுமே படிக்கப்படுகின்றது. வினாக்களெல்லாம் மண்டபத்தின் வெளியே, வீட்டிலும் வீதியிலும் தொழில் செய்யும் இடத்திலும் காத்திருக்கின்றன. அவற்றுக்கு விடையிறுக்க வல்லவரே பட்டதாரி என்னும் பெயர்க்கு உரியவர்.

இதற்கு ஒரு சான்று கூறுவோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் நிறுவப்பெற்றது. அதன் முதற் பட்டதாரிகள் இருவர். கறோல் விசுவநாத பிள்ளை ஒருவர், சி. வை. தாமோதரம் பிள்ளை மற்றொருவர். இருவரும் யாழ்ப்பாணத்தினின்றும் கடல் கடந்து வந்தவர். அவருள் தாமோதரம் பிள்ளை தம் பட்டத்தைப் பேழையில் இட்டுப் பூட்டிவிட்டு ஓய்ந்தாரல்லர். செல்லரித்த ஏடுகளைத் தேடி எடுத்து, 1885-ல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887-ற் கலித்தொகையையும் அச்சிற் பதிப்பித்தார். இன்று எம்மைப் போன்ற தமிழாசிரியர் வகுப்பில் அந்நூல்களைக் கையிலேந்தி நிற்றற்கு அம்முதற் பட்டதாரியின் உழைப்பும் ஒரு காரணம்.

இனி நம் கரையின் செய்திக்கு வருவோம். கொற்கையும், அதன்பின் காயலும், அதன்பின் தூத்துக்குடியும் முத்துக்குப் பேர்போன துறைகளாய் விளங்கின. இந்நகரில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற சலாபமே இறுதிச் சலாபம். அதன்பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. 1973-ல் இந்நகரத்து ஆராய்ச்சியாளர் சிப்பியில் முத்தை வளர்த்து விளைவிக்கும் முறையிலே வெற்றி கண்டனர். அதுவும் கல்வியின் பயனே. முத்துப்பார்கள் வறண்ட அக்காலத்தையொட்டியே கல்விப்பார்கள் இங்கே பெருகின. தூய மரியன்னை கல்லூரி 1948-லும், வ. உ. சிதம்பரம் கல்லூரி 1951-லும், காமராஜ் கல்லூரி 1966-லும், மீன்வளக் கல்லூரி 1977-லும் தோன்றின. முன்பு தோணியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று அக்கல்லூரிப் படியேறுகின்றனர்.

முத்துக்குளிப்பின் முறையை முதியோர் அறிவர்; இளையோர்க்காகச் சொல்லுகின்றோம். குளிப்பவன் கல்லைக் காலிற் பற்றிக்கொண்டு, ஐந்து முதற் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவான். மூச்சடக்கி, ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய அடியில் இருந்து, கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையிலே சேர்ப்பான். அவன் கயிற்றை அசைத்தவுடன் மேலே தோணியில் நிற்பவன் இழுத்தல் வேண்டும். கணம் தாழ்த்தாலும் உயிருக்கு இறுதி. ஆதலின் கயிறு பிடிப்பவன் மைத்துனனாய் இருத்தல் வேண்டும் என்பது கரையில் வழங்கும் செய்தி. தன் உடன்பிறந்தாளின் தாலியைக் காப்பவன் கயிற்றை நெகிழவிடான் அன்றோ? சிப்பி கரைசேர்ந்தபின் குளித்தவனை யாவரும் புகழ்வர். கயிறு பிடித்தவனைக் கேட்பார் இலர்.

நம் பிள்ளைகள் கல்விக்கடலில் மூன்றாண்டு மூழ்கியிருந்த காலத்துக் கயிறு பிடித்தவர் யார்? உப்பளத்தில் வெயில் காய்ந்த தந்தை, விடியுமுன் ஏலத்துறைக்குச் சென்று மீன் எடுத்து விற்ற தாய், தன் படிப்பை நிறுத்தித் தம்பியைப் படிக்கவைத்த தமக்கை, ஓய்வூதியத்திற் பாதியை ஈந்த தாத்தா. பட்டமளிப்பு நாள் இவர்கள் அனைவர்க்கும் உரிய நாள். இவர்கள் அங்கே இல்லாத விழா நிறைவுடைய விழாவன்று. யாம் இன்று வலியுறுத்த வந்த பொருள் இதுவே.

இதனை யாம் வலியுறுத்தற்குக் காரணம் உண்டு. எம்மிடம் பள்ளியிற் பயின்ற மாணவி ஒருத்தி பின்னர்க் கல்லூரியிற் பட்டம் பெற்றாள். அவ்விழாவுக்கு அழைப்புப் பெற்று யாமும் சென்றிருந்தோம். கருவாடு விற்றுக் குடும்பம் காத்த அவள் அன்னை, வாயிலுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தார். "உள்ளே வாராதது ஏன், அம்மா?" என வினவினோம். "எல்லாரும் பட்டுடுத்தி வந்திருக்கிறார்கள், ஐயா. அங்கே பேசுவது இங்கிலீஷ். எனக்கு என்ன விளங்கப் போகிறது? பிள்ளைக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாது" என்றார். செய்தி அறிந்த மகள் அங்கியோடு வெளியே ஓடிவந்து, தாயின் கையைப் பற்றி உள்ளே அழைத்துச் சென்று, தன் தோழியின் பெற்றோர்க்கு அருகே அமர்த்தினாள். பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. மகளின் பெயர் படிக்கப்பட்டபோது அதன் முன்னின்ற எழுத்து தம் கணவருடையது என்பது அவ்வன்னைக்கு விளங்கிற்று, அவ்வளவே போதுமானதாயிற்று. அம்மகளைப் போன்ற பிள்ளைகள் நம்மிற் பலர் உளர். எனினும் வேப்பமர நிழலில் நின்றுவிட்டுத் திரும்பும் தாய்மாரும் உளர். இனி நம் குடும்பத்தில் ஒருவரும் அங்ஙனம் நில்லாதிருக்கப் பிள்ளைகள் முன்னரே ஆவன செய்தல் வேண்டும். பெற்றோர்க்குரிய அனுமதிச் சீட்டுக்கள் எத்தனை என்று கேட்டறிந்து பெறுக. கல்லூரியார் சீட்டைக் குறைத்துத் தருவாராயின், முதற்சீட்டை உழைத்தவர்க்கு அளிக்க. நண்பர்க்கும் படமெடுப்பார்க்கும் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி ஆயத்தத்தின் முறையைக் கூறுவோம். முதற்கண் கவனிக்கத்தக்கது பெயர். சான்றிதழிற் பெயரும் முன்னெழுத்தும் பள்ளிச் சான்றிதழில் உள்ளவாறே இருத்தல் வேண்டும். விண்ணப்பம் அனுப்புமுன் எழுத்தெழுத்தாய் ஒப்பிட்டுப் பார்க்க. தமிழிலும் பெயர் பொறிக்கப்படும் சான்றிதழாயின் லகர ளகர ழகரங்களையும், ணகர னகரங்களையும் தமிழறிந்தார் ஒருவரிடம் காட்டித் தெளிக. 'வள்ளி' என்பாள் 'வல்லி' ஆயினால் வேலைக்குச் செல்லும் இடத்து அவள் வேறொருத்தி ஆகிவிடுவாள். பெயரின் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதுமாறு 2021-ல் தமிழ்நாட்டரசு ஆணை பிறப்பித்ததையும் நினைவிற் கொள்க.

அடுத்து, நாள் தவறாமை. தற்காலிகச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் கைக்கு வந்துவிட்டமையின் 'பட்டம் பின்னர் வரட்டும்' என வாளாவிருப்பார் பலர். பல்கலைக்கழகம் குறித்த நாளுக்குள் விண்ணப்பமும் கட்டணமும் செலுத்தினாலன்றிப் பட்டம் தானே வந்து கதவைத் தட்டாது. பல்லாண்டு கழித்து வெளிநாட்டு வேலைக்கோ மேற்படிப்புக்கோ வேண்டியபோது ஓடுவார் படும்பாடு பெரிது. நம் கல்லூரிகள் பலவற்றுக்குத் தாயகமாகிய மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல் நிறுவப்பெற்றுத் திருநெல்வேலியை அடுத்த அபிஷேகப்பட்டியில் உளது. அங்கு நடைபெறும் விழா வேறு, கல்லூரியில் நடைபெறும் விழா வேறு. தமக்குரியது எது என்பதைக் கல்லூரி அலுவலகத்திற் கேட்டறிந்து, புறப்படும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்க.

மூன்றாவது, செலவு. இவ்விடத்து யாம் சற்றுக் கடுமையாய்ப் பேசினும் பொறுத்தருள்க. பட்டமளிப்பு நாளுக்கென வளையலை அடகு வைத்துப் பட்டுப்புடவை எடுப்பாரும், உறவினரை யெல்லாம் வேனில் ஏற்றிச் சென்று ஓட்டலில் விருந்திடுவாரும் இக்காலத்துப் பெருகிவருகின்றனர். அங்கியை அணிந்தபின் அதன்கீழ் உள்ளது பட்டா பருத்தியா என்பதை மேடையில் உள்ளார் அறியார். அடகுக்கடைக்காரர் மட்டுமே அறிவார். தூய்மையாய்த் துவைத்த பருத்தியாடையும், நல்ல காலணியும், வாடகைக்குப் பெற்ற அங்கியும் போதும். எஞ்சிய பணத்தை மேற்படிப்பின் நுழைவுக் கட்டணத்துக்கு வைக்க.

விழா மண்டபத்தில் ஒழுகுமுறை எளிது. குறித்த நேரத்துக்கு முன்னரே சென்று அங்கி பெறுக. ஒத்திகையில் தமக்கு முன்னும் பின்னும் நிற்பவரை அறிந்துகொள்க. கைப்பேசியை அடக்கிவைக்க. பெயர் அழைக்கப்பட்டதும் நிமிர்ந்து சென்று, பணிவுடன் பெற்று மீள்க. தம் பெயர் முடிந்தவுடன் எழுந்து செல்லுதல் பின்வரும் தோழரை அவமதித்தலாகும். இறுதிப் பெயர்வரை அமர்ந்திருந்து கைதட்டுதலே கற்றார்க்கு அழகு. வெளியே வந்தவுடன் பட்டத்தை முதலிற் பெற்றோர் கையிற் கொடுக்க. வீடு சேர்ந்தபின் அதனைப் பிளாஸ்டிக் உறையில் ஒட்டிவைக்கும் லாமினேஷன் செய்யற்க. பின்னர் அரசாங்க முத்திரை இடவேண்டிய காலத்து அது தடையாகும். படிகள் பல எடுத்துக்கொண்டு, மூலத்தை உறையிலிட்டுக் காக்க.

பெண்மக்களைப் பெற்றோர்க்குத் தனியே ஒன்று கூறுவோம். கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் காதம்பினியும் சந்திரமுகியும் 1883-ல் நம் நாட்டின் முதற் பெண் பட்டதாரிகளாயினர். இந்நகரிலும் மகளிர்க்கெனக் கல்லூரி தோன்றி முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. எனினும், படிப்பு முடிந்த மாதமே திருமணம் முடித்து, பட்டமளிப்புக்குச் செல்ல விடாமல், தபாலிற் பட்டம் தருவிக்கும் வீடுகள் நம்மிடையே இன்னும் உள்ளன. திருமணத்தை யாம் வேண்டாவென்கிலோம். அவள் மூன்றாண்டு உழைத்துப் பெற்ற அவ்வொரு நாளை அவளுக்குத் தருக என்கின்றோம். மணமான மகளாயின் மருமகனும் சம்பந்தியும் உடன் வருக. தன் மருமகள் மேடையேறக் கண்ட மாமியார், அப்பட்டத்தை அடுக்களைப் பரணில் ஏற்ற மனங்கொள்ளார். சீர்வரிசைப் பட்டியலிற் பட்டத்தையும் ஒரு பொருளாய் எண்ணி, மாப்பிள்ளை வீட்டார்க்குக் காட்டிவிட்டுப் பெட்டியில் வைப்பது கல்விக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இளைஞர்களே! இறுதியாக ஒன்று. இந்நகரத்துக் கல்லூரி ஒன்று தாங்கிநிற்கும் பெயர்க்குரிய வ. உ. சிதம்பரம் பிள்ளை வக்கீல் தேர்விலே தேறியவர். 1908-ல் அரசாங்கத்தார் அவரைச் சிறையிலிட்டதோடு வக்கீல் தொழில் செய்யும் உரிமையையும் பறித்தனர். ஆயின் அவர் கற்ற கல்வியைப் பறிக்க அவர்களால் இயன்றதில்லை. சிறையிலிருந்தே ஜேம்ஸ் ஆலனின் நூலைத் தமிழாக்கினார், மெய்யறம் இயற்றினார். பின்னர் வாலேஸ் என்னும் நீதிபதியின் உதவியால் உரிமை மீண்டபோது, அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். தாளைப் பிறர் தரலாம், பிறர் எடுக்கலாம். கல்வியும் நன்றியுணர்வும் தம்முடையவை என்பதை அப்பெரியார் வாழ்ந்து காட்டினார்.

நம் சங்கத்தின் உதவிநிதியால் எத்தனையோ பிள்ளைகள் படித்துள்ளனர். பட்டம் பெற்றவர் தம் முதற் சம்பளத்தில் ஒரு சிறு பகுதியை அந்நிதிக்கு அளிப்பாராயின், அடுத்து மூழ்கவிருக்கும் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ கயிறு பிடித்தவர் ஆவர். குளித்து முத்தெடுத்தவர் மறுமுறை கயிறு பிடித்தல் கடற்கரை அறம்.

பட்டம் பெறும் பிள்ளைகள் பல்லாண்டு வாழ்க! அவரைப் பெற்றோர் மண்டபத்தின் முன்வரிசையில் அமர்க!