ஒதுக்கப்பட்ட படங்களின் சாட்சியம்



இக்கருத்தரங்கிற்குத் தலைமையேற்பது எனக்குப் பெருமை. என்னினும் ஆழக் கற்றவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கையில் பேசுவது சற்றே அச்சமும் தருகிறது. 'சுயமாக மேற்கொள்ளும் புகைப்படத் திட்டம்: ஆய்வும் மறுசிந்தனையும்' என்பது நம் பொருள். பொருள் தேர்வு, களத்துக்கு முந்தைய வாசிப்பு, படம் எடுக்கப்படுவோரின் ஒப்புதல் ஆகிய அனைத்துக்கும் தனி அமர்வுகள் உள்ளன. ஆகவே நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு வழக்கை மட்டும் அவைமுன் வைக்கிறேன்.

புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்கின் 'தி அமெரிக்கன்ஸ்' படநூலை அறியாதவர் இங்கில்லை. 1958இல் பாரிஸில் ராபர்ட் டெல்பீர் வெளியிட்டார்; 1959இல் நியூயார்க்கில் குரோவ் பதிப்பகம் வெளியிட்டது. மொத்தம் 83 படங்கள். நம் வகுப்பறைகளில் இந்நூலின் கதை ஒரே மாதிரியாகத்தான் சொல்லப்படுகிறது. பழைய ஃபோர்டு காரில் ஏறினார், மனம் போன போக்கில் சுற்றினார், கண்ணில் பட்டதை எடுத்தார், உள்ளுணர்வே வழிகாட்டியது. நான் பெரிதும் மதிக்கும் மூத்த ஆய்வாளர் ஒருவர் முந்தைய கருத்தரங்கு ஒன்றில் இதையே சொல்லி, திட்டமிடல் படைப்பைக் கொன்றுவிடும் என்று முடித்தார். அவர் எழுத்திலிருந்து நிறையக் கற்றிருக்கிறேன். ஆனால் இந்த ஒன்றில் சான்றுகள் அவர் பக்கம் இல்லை.

அவர் முதன்மையாக நம்பியது நியூயார்க் பதிப்புக்கு எழுத்தாளர் ஜாக் கெரூவாக் எழுதிய முன்னுரையை. காலவரிசையைப் பாருங்கள். ஃபிராங்கின் நெடும் பயணங்கள் 1955, 1956ஆம் ஆண்டுகளில் நடந்தவை. கெரூவாக்கின் 'ஆன் தி ரோடு' நாவல் வெளிவந்தது 1957 செப்டம்பரில். இருவரும் பழகியது அதை ஒட்டித்தான். பாரிஸ் பதிப்பில் அந்த முன்னுரையே கிடையாது. படங்கள் எடுத்து முடிந்தபின் வந்த ஒருவரின் வியப்பை, அவை எடுக்கப்பட்ட விதத்துக்குச் சாட்சியாக எப்படி ஏற்பது?

சாட்சி வேறிடத்தில் இருக்கிறது. முதலாவது, கூகன்ஹைம் நல்கைக்காக 1954இல் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸின் உதவியோடு ஃபிராங்க் எழுதிய விண்ணப்பம். இரவு நகரம், வாகன நிறுத்துமிடம், மூன்று கார் வைத்திருப்பவர், ஒன்றுகூட இல்லாதவர், விளம்பரப் பலகைகள், அஞ்சலகங்கள், கொல்லைப்புறங்கள் எனத் தான் தேடப்போவதை அதில் பட்டியலிடுகிறார். மனம் போன போக்கில் கிளம்புகிறவர் இப்படிப் பட்டியல் போடுவதில்லை.

இரண்டாவது, நாம் தீண்டாமல் விட்ட காண்டாக்ட் ஷீட்கள், அதாவது ஒரு சுருளின் படங்களையெல்லாம் சிறிதாக ஒரே தாளில் அச்சிட்ட பிரதிகள். 760க்கும் மேற்பட்ட ஃபிலிம் சுருள்கள், ஏறத்தாழ 27,000 படங்கள். அவற்றிலிருந்து ஏறக்குறைய 1,000 படங்களை மாதிரிப் பிரதிகளாக அச்சிட்டு, சுவரில் பொருத்தியும் தரையில் பரப்பியும் பார்த்து, கழித்துக் கழித்து 83க்கு வந்தார். ஏறத்தாழ 325க்கு ஒன்று. நூலின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 2009இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் நடத்திய கண்காட்சிக்காக சாரா கிரீனோ தொகுத்த நூலின் விரிந்த பதிப்பில் 83 படங்களுக்குரிய காண்டாக்ட் ஷீட்களும் அச்சாகியுள்ளன. அவற்றைப் புரட்டாமல் ஃபிராங்கைப் பற்றி எழுதுவது, சுவடியைப் பாராமல் பாடபேதம் பேசுவதற்கு ஒப்பாகும்.

ஓர் எடுத்துக்காட்டு. கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் பனைமரங்களிடையே துணிபோர்த்தி நிற்கும் கார். அடுத்த பக்கம், அரிசோனாவில் சாலையோரம் போர்வை மூடிக் கிடத்தியிருக்கும் விபத்துச் சடலம். இரண்டும் வெவ்வேறு மாநிலங்களில் எடுத்தவை. போர்த்திக் காக்கப்படும் உடைமையையும் போர்த்தி மறைக்கப்படும் மரணத்தையும் அடுத்தடுத்து வைத்தது கேமரா அல்ல. மேசைமுன் அமர்ந்து யோசித்த மனம். நூல் நான்கு பகுதிகளாக அமைந்து, ஒவ்வொன்றும் தேசியக் கொடியோடு தொடங்குவதும் அந்த மேசையில் எடுத்த முடிவே.

அப்படியானால் உள்ளுணர்வுக்கு இடமே இல்லையா? உண்டு. 1955 நவம்பரில் ஆர்கன்சாவின் மெகீ என்னும் ஊரில் காவலர்கள் அவரைச் சந்தேகத்தின் பேரில் பிடித்துவைத்து விசாரித்தனர். எந்த விண்ணப்பத்திலும் இல்லாத அனுபவம் அது. அதே மாதம் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் முன்னும் கறுப்பர் பின்னும் அமர்ந்த டிராம் வண்டியின் ஜன்னல்களை எடுத்தார். அந்த நொடியை யாரும் திட்டமிட முடியாது. ஆனால் அது ஒரு நூலின் அட்டைக்கே உரியது என்று கண்டுகொள்ள, பிறகு உட்கார்ந்து பார்க்கும் பொறுமை வேண்டும். உள்ளுணர்வு எடுத்துத் தருகிறது. ஆய்வு அதற்குக் களம் அமைக்கிறது. மறுசிந்தனை அதைப் படைப்பாக்குகிறது. இதில் ஒன்றை உயர்த்த மற்றொன்றைத் தாழ்த்தியதுதான் நம் துறையின் பிழை.

அந்தப் பிழையின் விலையை மாணவர்கள் கொடுக்கிறார்கள். இறுதிப் படங்களுக்கு மட்டுமே மதிப்பெண் இடுகிறோம். சரிவராத படங்களை அவர்கள் மெமரி கார்டிலேயே அழித்துவிடுகிறார்கள். எதை ஏன் விட்டார்கள் என்று கேட்க நமக்கும் வழியில்லை, திரும்பிப் பார்க்க அவர்களுக்கும் வழியில்லை.

ஆகவே இந்த அவைக்கு என் வேண்டுகோள் இது. நிறைவு அமர்வில் ஒரு தீர்மானம் நிறைவேற்றுவோம். புகைப்படத் திட்டம் சமர்ப்பிக்கும் ஒவ்வொரு மாணவரும் முதலில் எழுதிய திட்டக் குறிப்பையும், ஒதுக்கிய படங்களையும், ஒதுக்கிய காரணத்தையும் சேர்த்தே தரவேண்டும்; அவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. எதிர்க்கருத்து உள்ளவர்கள் சான்றோடு வாருங்கள், விவாதிப்போம். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.