ஸ்கேன் மிஷின் யாருடையது?



முதுநிலை மருத்துவக் கலந்தாய்வில் முதலில் தீர்ந்துபோகும் இடங்களில் ரேடியாலஜி ஒன்று. கைநிறையச் சம்பளம், நோயாளியின் உறவினரோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது ஊர்ப்பேச்சு. அப்படிச் சேர்ந்தவர்களுக்கும் ஏன் மனநிறைவு இல்லை என்று கேட்டால் வேலைப்பளு, செயற்கை நுண்ணறிவு என்று விவாதம் போகிறது. நான் கேட்பது வேறு: மிஷின் யாருடையது?

பொது மருத்துவர் ஒரு மேசையும் ஸ்டெதாஸ்கோப்பும் வைத்து மயிலாப்பூர்ச் சந்தில் கிளினிக் போட்டுவிடலாம். ரேடியாலஜிஸ்ட்டால் முடியுமா? எம்.ஆர்.ஐ. கருவிக்கே கோடிகள் வேண்டும். அதன் எடையைத் தாங்கும் தளம், கவச அறை, தடையில்லா மின்சாரம் எல்லாம் தனி. தி. நகரிலும் அடையாறிலும் அதற்கான இடம் யாரிடம் இருக்கிறது? அப்பாவின் நர்சிங் ஹோம், மாமனாரின் கட்டடம், வங்கியில் அடமானம் வைக்கப் பூர்வீகச் சொத்து. இவை எந்தச் சாதிகளிடம் சேர்ந்தன என்று இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை.

எம்.பி.பி.எஸ்., எம்.டி. என்று எட்டரை ஆண்டு படித்துவிட்டு வரும் முதல் தலைமுறை மருத்துவர் அந்த மிஷினுக்குக் கூலியாள் ஆகிறார். படத்துக்கு இவ்வளவு என்று பேசி ரிப்போர்ட் எழுதுகிறார். தப்பு நடந்தால் கையெழுத்து அவருடையது.

அல்ட்ராசவுண்டு மட்டும் பார்த்துப் பிழைக்கலாமே என்பீர்கள். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டத்தின் விதிகள் 2012இல் திருத்தப்பட்டன. ஒரு மருத்துவர் ஒரு மாவட்டத்தில் இரண்டு மையங்களில் மட்டுமே இந்த ஸ்கேன் பார்க்கலாம். பெண் கருவைக் காக்க வந்த சட்டம் அது. அதை நீர்க்கச் செய்யக் கேட்பவர்களோடு நான் இல்லை. ஆனால் சொந்த சென்டர் வைத்திருப்பவரையும், நாலு இடம் ஓடினால்தான் கல்விக்கடன் அடையும் என்றிருப்பவரையும் அந்த வரம்பு ஒரே மாதிரி தொடுவதில்லை.

நம் போராட்டம் கல்லூரி வாசல்வரை வந்திருக்கிறது. 1934இல் தொடங்கிய, சென்னை மருத்துவக் கல்லூரியின் பர்னார்டு ரேடியாலஜி நிலையத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு 69 விழுக்காடு உண்டு. அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி.க்கு 27 விழுக்காடு 2021இல்தான் அறிவிக்கப்பட்டது, அதுவும் வழக்காடி. தனியார் ஸ்கேன் சென்டருக்குள் இதில் எதுவும் நுழையாது.

அரசு மருத்துவமனைகளில் சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்களைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்துகிறது. அங்கே மிஷின் மக்களுடையது. அதைப் படிக்கும் மருத்துவருக்கு நிரந்தரப் பணியிடம், இடஒதுக்கீட்டோடு, வேண்டும். இதை அடுத்த மனுவில் முதல் கோரிக்கையாகச் சேருங்கள்.