இசைத்தட்டும் பாடவேறுபாடும்



மொழி மன்றத்தின் சொற்பொழிவு மேடையில் இசைத்தட்டுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். ஏடும் நூலும் ஆராய்வதற்குரியவை, தட்டு கேட்டு மகிழ்வதற்குரியது என்பதே பொதுவான எண்ணம். ஆனால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் எவ்வாறு ஒலித்தது என்று அறிய விரும்பினால் எழுத்து நமக்கு ஓரளவுதான் உதவும். ழகரத்தை ஒருவர் எப்படி ஒலித்தார், அடியை எங்கே முறித்தார், எந்தச் சொல்லை அழுத்தினார் என்பதற்கெல்லாம் செவிச்சான்று வேண்டும். திரைப்படம் பேசத் தொடங்கும் முன்னரே பாட்டையும் பேச்சையும் தாங்கி நின்றவை தட்டுகள். பிற்காலத்தில் 1952இல் வந்த ‘பராசக்தி’யின் வசனங்கள் இசைத்தட்டாகவும் வெளிவந்து வீடுகளை அடைந்தன. அவற்றைக் கேட்டே மேடைத்தமிழ் பழகியவர் பலர்.

இத்தகைய சான்றைக் கையில் எடுக்கும் ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: என் கையில் இருப்பது எந்தத் தட்டு? இவ்வினாவின் ஆழத்தையும், அதற்கு விடை காணும் முறையையுமே இன்று உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

பதிப்பும் அச்சும்

1887ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, கிடைத்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் கண்டறிந்தார். ஒரு நூலுக்குப் பல படிகள் உண்டு என்பதும், படிக்குப் படி வேறுபாடு உண்டு என்பதும் தமிழ்ப் பதிப்புலகம் நன்கறிந்த செய்தி. அச்சு நூல்களிலும் முதற்பதிப்பு வேறு, இரண்டாம் அச்சு வேறு என்று பிரித்தே பேசுகிறோம். இதே பிரிவு தட்டுக்கும் பொருந்தும்.

தட்டு உருவாகும் முறையைச் சிறிது காண்போம். அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய அரக்கு போன்ற பூச்சு இட்டு, அதில் ஒலியைச் சுருள் வரியாக வெட்டுவர். அதன்மேல் வெள்ளி பூசி, நிக்கல் படியவைத்து உரித்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறிய எதிருரு கிடைக்கும். இதனைத் தொழிலில் ‘தந்தை’ என்பர். தந்தையிலிருந்து ‘தாய்’ பிறக்கும். தாயிலிருந்து முத்திரைத் தகடுகள் பல பிறக்கும். இரு முத்திரைத் தகடுகளுக்கிடையே சூடான வினைல் உருண்டையை வைத்து அழுத்தினால் தட்டு வரும். முத்திரைத் தகடு தேய்ந்தால் தாயிலிருந்து வேறொன்று எடுப்பர். தொடக்கத் தகடே பயனற்றுப் போனால் ஒலிநாடாவிலிருந்து மீண்டும் வெட்டுவர். ஆகவே ஒரே பெயருடைய ஓர் இசைத்தட்டுக்கு ஒரு பெரிய குடும்பமே உண்டு. அக்குடும்பத்தில் நம் கையிலிருக்கும் தட்டு எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று காண்பதே அச்சாராய்ச்சி.

ஒலி ஒன்று, சீட்டு வேறு

உலகில் மிகுதியாக ஆராயப்பட்ட தட்டுகளுள் பீட்டில்ஸ் குழுவினருடையவை அடங்கும். முறையை அவற்றிடம் கற்றுக்கொண்டு பின்னர் நம் தட்டுகளுக்கு வருவோம்.

அவர்களுடைய முதல் எல்பி தட்டு ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ 1963 மார்ச் 22 அன்று இங்கிலாந்தில் பார்லோஃபோன் முத்திரையில் வெளிவந்தது. நடுவில் ஒட்டிய சீட்டு கறுப்பு நிறம், எழுத்துகள் பொன்னிறம். மிக முற்பட்ட படிகளில் குழுவினர் தாமே இயற்றிய பாடல்களின் உரிமை ‘டிக் ஜேம்ஸ் மியூசிக்’ நிறுவனத்தின் பெயரில் அச்சாகியிருக்கும். சற்றுப் பிந்திய பொன்னெழுத்துப் படிகளில் அவ்விடத்தில் ‘நார்தர்ன் சாங்ஸ்’ என்ற பெயர் வந்துவிடும். பின்னர்ச் சீட்டே மஞ்சளும் கறுப்புமாக மாறியது.

இப்போது தட்டைச் சாய்த்துப் பிடித்து, இசை முடிந்தபின் சீட்டுவரை உள்ள வெற்று வளையத்தைப் பாருங்கள். அங்கே பொறித்திருக்கும் எண்ணே அப்பக்கத்தின் வெட்டு எண். ஒற்றைத்தட ஒலியில் வந்த மூவகைப் படிகளிலும் ஒரே வெட்டு எண்ணைக் காணலாம். சீட்டு இருமுறை மாறியும் ஒலி வெட்டு மாறவில்லை. சந்தையில் முதல்வகைக்குப் பெருவிலை உண்டு. ஆனால், பாடலை ஆராயும் ஒருவருக்கு மஞ்சள் சீட்டுப் படியும் அதே சான்றைத் தரும். விலையும் சான்றும் ஒரே அளவுகோல் அல்ல என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பெயர் ஒன்று, ஒலி வேறு

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 1967இல் அதே குழுவினர் வெளியிட்ட ‘சார்ஜண்ட் பெப்பர்’ தட்டு ஒற்றைத்தட ஒலியிலும் இருதட ஒலியிலும் வந்தது. உறையில் அதே படம், அதே பாடல் வரிசை. ஆனால், இரண்டுக்கும் ஒலிக்கலவை தனித்தனியே செய்யப்பட்டது. ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ என்னும் பாடல் ஒற்றைத்தடப் படியில் விரைவாகவும் உயர்ந்த சுருதியிலும் ஒலிக்கும். இருதடப் படியில் மெதுவாகவும் தாழ்ந்தும் ஒலிக்கும். ‘அப்பாடலின் சுருதி இது’ என்று எழுதும் மாணவர், எந்தப் படியைக் கேட்டார் என்று குறிக்காவிட்டால் அவர் கூற்றைச் சரிபார்க்க ஒருவராலும் இயலாது.

உறையைப் பார்த்து ஒலியை முடிவு செய்யலாகாது. சீட்டைப் பார்த்துக் காலத்தையும் முடிவு செய்யலாகாது. சீட்டில் வட்டத்துக்குள் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தும் அருகில் ஓர் ஆண்டும் காணப்படும். அது ஒலிப்பதிவு முதலில் வெளியான ஆண்டைக் குறிப்பது. தட்டு அழுத்தப்பட்ட ஆண்டு அதற்குப் பல்லாண்டுகள் பிந்தியதாகவும் இருக்கலாம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் போல் மீண்டும் மீண்டும் விற்பனையான தட்டுகளுக்கு ஆண்டு குறிக்கும்போது இதனை மறத்தல் ஆகாது.

நம் தட்டுகளும் சுருதியும்

இனி நம் பழந்தட்டுகளுக்கு வருவோம். 1902இல் கிராமஃபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவு செய்தார். அப்பயணத்தின் தொடர்ச்சியாக 1903இல் சிங்கப்பூரிலும் பதிவுகள் நடந்தன. மூலத் தகடுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்று, அங்குத் தட்டுகளாகித் திரும்பின. கௌஹர் ஜான் பாட்டின் இறுதியில் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் சொல்லுவார். மொழியறியாத ஆலையினர் சீட்டை மாற்றி ஒட்டிவிடாதிருக்க அவ்வறிவிப்பு உதவியது. அட்டவணைப் பணி பாடகரின் வாயிலேயே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம். 1908இல் கல்கத்தாவிலேயே ஆலை எழுந்தது. பின்னர்ச் சென்னையில் ஏ.வி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் முத்திரைத் தட்டுகளைத் தமிழர்க்கு வழங்கியது.

அக்காலத் தட்டுகள் வினைலால் ஆனவை அல்ல. அரக்குப் பூச்சியிடமிருந்து கிடைக்கும் அரக்கையும் கல்மாவு போன்ற பொருள்களையும் கலந்து செய்தவை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். ‘78 சுற்றுத் தட்டு’ என்று அவற்றைப் பொதுவாக வழங்குகிறோம். ஆயினும் நிமிடத்துக்கு 78 சுற்று என்னும் அளவு தொடக்கத்தில் உறுதியாக இல்லை. எழுபது சுற்றளவில் பதிவானவையும் எண்பதைக் கடந்தவையும் உண்டு.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 72 சுற்றில் பதிவான பாட்டை 78 சுற்றில் ஓட்டினால் 3 நிமிடம் 15 நொடிப் பாட்டு 3 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியும் அரைக்கட்டைக்கு மேல் ஏறும். நான்கு கட்டையில் பாடியவர் நாலரைக்கும் மேலே பாடியதாகத் தோன்றும். ‘அக்காலப் பாடகர் உச்சத்தில் பாடினர், விரைந்து பாடினர்’ என்று நாம் எழுதுவோம். அந்த விரைவு பாடகருடையதா, சுழற்சியுடையதா என்று கேட்டறிய வேண்டும். பேச்சுத் தட்டாயின், ஒருவருடைய பேச்சின் வேகத்தையும் குரலையும் பற்றிய முடிவே பிழைபடும். பதிவுக் காலமும் வெட்டு எண்ணும் தெரிந்தால்தான் திருத்த வழியுண்டு.

நெடுந்தட்டாகிய எல்பி 1948இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனத்தால் வெளியானது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். மூன்று நிமிடத்துக்குள் அடக்கிப் பாடிய ஆலாபனை அதன்பின் விரிந்தது. ஆகவே ஒரு பாடகரின் இருகாலத் தட்டுகளை ஒப்பிடும்போது அவருடைய மனமாற்றம் எது, தட்டின் இடவசதி எது என்றும் பிரித்தறிதல் வேண்டும்.

எழுத்தில் மறைந்த எண்

வெற்று வளையத்தில் வெட்டு எண் மட்டுமன்றி வேறு குறிகளும் உண்டு. இங்கிலாந்தில் ஹேய்ஸ் ஊரில் இருந்த இஎம்ஐ ஆலையில் வெட்டு எண்ணைக் கடிகாரத்தின் ஆறு மணி இடத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்பது மணி இடத்தில் தாயின் எண்ணும் மூன்று மணி இடத்தில் முத்திரைத் தகட்டின் எண்ணும் இருக்கும். பின்னதை எழுத்தாகப் பொறித்தனர். ‘கிராமஃபோன் லிமிடெட்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தில் மீண்டும் வராத பத்து எழுத்துகள் உண்டு. அவை முறையே 1 முதல் 9 வரையும் இறுதியில் சுழியையும் குறிக்கும். இரண்டாம் எழுத்தாகிய ‘ஆர்’, நான்காம் எழுத்தாகிய ‘எம்’ இரண்டும் சேர்ந்து வந்தால் அது 24ஆம் முத்திரைத் தகடு.

கருநாடக இசை பயிலும் மாணவர்க்கு இது புதிதன்று. எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களின் பெயர்களில் கடபயாதி முறையால் எண்ணை மறைத்து வைத்தனர் நம் முன்னோர். மாயாமாளவகௌளையில் ‘மா’ ஐந்து, ‘யா’ ஒன்று; திருப்பிப் படித்தால் பதினைந்தாம் மேளம். எழுத்தில் எண்ணைப் படிக்கப் பழகிய கண், தட்டின் வளையத்தையும் படித்துவிடும்.

அட்டவணை செய்யும் முறை

நூலக அமைப்புகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1998இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, நூலகப் பொருள்களை நான்கு படிநிலைகளில் காணச் சொல்கிறது. தமிழில் அவற்றைப் படைப்பு, வெளிப்பாடு, வெளியீடு, படி என்று கூறலாம். ஒரு கீர்த்தனை படைப்பு. அதை ஒருவர் ஒரு நாளில் பாடிப் பதிந்தது வெளிப்பாடு. அது குறிப்பிட்ட முத்திரையில் குறிப்பிட்ட எண்ணோடு வந்தது வெளியீடு. உங்கள் பாட்டி வீட்டு அலமாரியில் இருக்கும், ஓரத்தில் கீறல் விழுந்த தட்டு படி. இந்நான்கையும் ஒரே வரியில் கலந்து எழுதுவதாலேயே பெரும்பாலான குழப்பங்கள் விளைகின்றன.

மாணவர்கள் ஒரு தட்டுக்கு ஓர் அட்டை வைத்துக்கொள்ளலாம். முத்திரையின் பெயர், சீட்டிலுள்ள விற்பனை எண், இரு பக்கங்களின் வெட்டு எண்கள், வளையத்திலுள்ள பிற குறிகள், அங்குல அளவு, சுழற்சி, சீட்டின் நிறம், உறையின் அச்சகக் குறிப்பு, தட்டின் நிலை ஆகியவற்றை எழுதுக. விற்பனை எண் கடைக்காரர்க்குரியது; வெட்டு எண் ஒலிக்குரியது. இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். சீட்டில் பாடலின் பெயர் பிழையாக அச்சாகியிருந்தால் அப்பிழையோடே பெயர்த்தெழுதுக. திருத்திய வடிவத்தை வேறொரு கட்டத்தில் தருக. ஏட்டிலுள்ள பாடத்தைக் காட்டிய பின்னரே திருத்தம் சொல்வது பதிப்பறம். இங்கும் அதுவே அறம். தெரியாத ஆண்டை ஊகித்து நிரப்புவதைவிடக் கட்டத்தை வெறுமையாக விடுவது மேல். வெற்றுக் கட்டம் அடுத்தவரைத் தேடத் தூண்டும். பொய்யாண்டு அவரைத் தடுத்துவிடும்.

நம் நாட்டு வெப்பமும் ஈரமும் தட்டுக்குப் பகை. தட்டுகளை நேராக நிறுத்தி வைக்க வேண்டும். அடுக்கிக் கிடத்தினால் வளையும், உடையும். அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த நீரால் ஒருபோதும் துடைக்கலாகாது. அரக்கு அதில் கரைந்துவிடும். 78 சுற்றுத் தட்டின் வரி அகலமானது. எல்பிக்குரிய நுண்ணிய ஊசியை அதில் இறக்கினால் ஒலியும் கெடும், ஊசியும் கெடும்.

அன்பர்களே, தட்டுச் சேகரிப்பு என்றதும் அரிய முதல் அச்சைத் தேடி அலைவோரையே நினைக்கிறோம். அவர்கள் உழைப்பால் நமக்குப் பல செய்திகள் கிடைத்துள்ளன என்பது உண்மை. ஆனால், நம் சமூகத்துக்கு இன்று வேண்டியது வேறு. இங்குள்ள பல தமிழ் வீடுகளில் பழைய தட்டுகள் பெட்டியிலோ பரண்மேலோ உள்ளன. வீடு மாறும் நாளிலும் முதியவர் மறையும் நாளிலும் அவை கேட்பாரற்றுக் குப்பைக்குச் செல்கின்றன. ‘பழைய பாட்டுத் தட்டு’ என்னும் பெயரோடு இருப்பது எளிதில் எறியப்படும். எது, யார், எந்த வெட்டு, யார் வீட்டிலிருந்து வந்தது என்று எழுதிய அட்டையோடு இருப்பதை எறியக் கை கூசும்.

ஆசிரியப் பெருமக்கள் ஒரு வகுப்புக்குப் பத்துத் தட்டுகளைப் பணியாகக் கொடுங்கள். மாணவர்கள் உருப்பெருக்கியும் கைவிளக்கும் எடுத்து வளையத்தைப் படிக்கட்டும். வீட்டுப் பெரியவர்களிடம் அத்தட்டு வந்த வழியைக் கேட்டெழுதட்டும். ஏட்டுச்சுவடிகளில் பல, இன்னதென்று எழுதி வைப்பார் இல்லாமலே கரையானுக்கு இரையாயின. தட்டுகளுக்கும் அந்நிலை வாராதிருக்கப் பெரும்பொருள் தேவையில்லை. ஓர் அட்டையும் எழுதுகோலும் பொறுமையும் போதும்.