கைப்பேசியில் ஒரு பாடம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பிள்ளைகள் பரிசு வாங்கும் நாளில் நான் ஆசிரியர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கடந்த மூன்று சனிக்கிழமைகளாக இப்பள்ளி ஆசிரியர்கள் காலையிலேயே வந்து, நம் பிள்ளைகள் உட்காரும் அதே சின்ன நாற்காலிகளில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். கைப்பேசியில் பாடம் தயாரிக்கும் பயிற்சி அது. வாசல் பக்கம் வந்த ஒரு தாயார், "என்னங்கய்யா, வாத்தியாருங்களுக்கே பாடமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிக் கதவுகள் மூடின. அந்தச் சமயத்தில் கல்வி அமைச்சு நாடு முழுவதும் பெற்றோர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. சுமார் 8 லட்சத்து 93 ஆயிரம் மாணவர்களைப் பற்றிய கணக்கு. அவர்களில் ஏறக்குறைய 37 விழுக்காட்டினருக்கு எந்தக் கருவியும் இல்லை. மடிக்கணினி இருந்தவர்கள் 9 விழுக்காடு. திறன்பேசி இருந்தவர்கள் 46 விழுக்காடு.

இந்த 46 விழுக்காட்டைக் கொஞ்சம் உடைத்துப் பார்க்க வேண்டும். கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை, சுங்கை திங்கி பக்கத்துத் தோட்ட வீடுகளில் 'திறன்பேசி இருக்கிறது' என்று சொன்னால் அதற்கு என்ன பொருள்? "ஒரே போன்தான் சார். அதையும் அவங்க அப்பா விடியக்காலையில வேலைக்காட்டுக்குக் கொண்டு போயிடுறாரு." காலை எட்டு மணிக்கு ஆசிரியர் திரையில் தோன்றிப் பாடம் நடத்துகிறார். அந்தப் போன் செம்பனை மரத்தடியில் ஒரு சட்டைப் பையில் இருக்கிறது. மாலையில் அப்பா வீட்டுக்கு வரும்போது அதற்கு மூன்று பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். டாப்-அப் பணமும் தீரும் நிலையில். ஆசிரியர் பாடம் நடத்தினார், உண்மை. பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை, அதுவும் உண்மை.

அந்தப் பிள்ளைக்கு வேண்டியது காத்திருக்கிற பாடம். இரவு ஏழு மணிக்குத் திறந்தாலும் அப்படியே இருக்க வேண்டும். இறக்கிக் கேட்பதற்குக் காசும் அதிகம் ஆகக்கூடாது. அப்படி ஒரு பாடத்தைச் செய்வது ஒரு கைவேலை. அதைத்தான் ஆசிரியர்கள் படித்தார்கள்.

கருவி கொடுப்பது நம் நாட்டுக்குப் புதிய செய்தியல்ல. 1972 ஜூன் மாதமே கல்வித் தொலைக்காட்சி தொடங்கிவிட்டது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது அந்தப் பாட ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகள் வந்தன. அதன் பிறகு ஒன் பெஸ்தாரிநெட் திட்டம். சுமார் 10,000 பள்ளிகளுக்கு இணைய வசதியும் அதனோடு ஒரு மெய்நிகர்க் கற்றல் தளமும் என்று ஏற்பாடு. அந்தத் தளத்தை ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் பயன்படுத்திய அளவு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று 2013ஆம் ஆண்டின் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சொன்னது. 2019இல் திட்டம் முடிவுக்கு வந்தது. 2020 ஜூனில் டெலிமா தளம் அறிமுகமானது.

ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்று யாரும் நினைக்க வேண்டாம். மண்டபத்தில் நூறு பேரை உட்கார வைத்து, முன்னால் ஒருவர் பொத்தானை அழுத்த, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் பயிற்சியா? பால்மரம் வெட்டியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்று பிரட்டுக்களத்தில் நின்று கேட்டா தெரிந்துகொண்டீர்கள்? ஆழம் அதிகமானால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் வராது. நாலு மரத்தைக் காயப்படுத்திய பிறகுதான் கைக்கு அளவு பிடிபட்டது. எங்கள் பயிற்சியும் அந்த மாதிரிதான். புதிய கருவி எதுவும் வாங்கவில்லை. அவரவர் கைப்பேசி, அவரவர் கை.

முதல் சனிக்கிழமை படமே கிடையாது. குரல் மட்டும். தன் குரலைத் தானே கேட்டபோது ஆசிரியர்கள் பட்ட கூச்சத்தைப் பார்க்க வேண்டுமே! விசிறியை நிறுத்தினால் இரைச்சல் பாதி போய்விடுகிறது என்பதை அன்று எல்லாரும் காதால் கண்டார்கள். போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும். தகரக் கூரையில் மழை பெய்தால் பதிவை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போக வேண்டியதுதான். மூன்று நிமிடக் குரல் பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு மெகாபைட்டுகூட ஆகாது. அதே மூன்று நிமிடத்தை நல்ல தரத்தில் காணொளியாக எடுத்து அப்படியே அனுப்பினால் 300 மெகாபைட்டைத் தாண்டிவிடும். பிள்ளை வீட்டு டாப்-அப்பை நினைத்துப் பார்த்தால் எதை அனுப்புவது என்று ஆசிரியருக்கே தெரிந்துவிடும்.

அடுத்த வாரம் ஒரு படமும் குரலும். சன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு படம் எடுத்தால் முகம் கறுத்துப் போகும். முன்னால் வைத்துக்கொண்டால் விளக்கே வேண்டாம். ஓர் ஆசிரியர் கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகளைப் படம் பிடிக்கப் போய் வெறும் இருட்டைக் கொண்டு வந்தார். பரவாயில்லை, அந்த இருட்டுப் படத்தையே வைத்து, பெரெம்பாங் மரத்தில் ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒரே நேரத்தில் மின்னி அணைவதைக் குரலில் விவரித்தார். எனக்கு மிகவும் பிடித்த பாடங்களில் அதுவும் ஒன்று.

இன்னொரு பாடத்தையும் சொல்லியாக வேண்டும். மலேசியாவில் வாணிப முறையில் முதன்முதலில் செம்பனை பயிரிட்ட தோட்டம் எது தெரியுமா? நம் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்திலிருக்கும் தென்னமரம் தோட்டம். 1917ஆம் ஆண்டு. பயிரிட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிறகு இந்த நாட்டைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினார். ஆனால் மரத்தில் ஏறி இறங்கியவர்களைப் பற்றி யார் எழுதினார்கள்? ஓர் ஆசிரியை இந்தச் செய்தியை ஒரு நிமிடம் பேசிவிட்டு, ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவின் குரலைச் சேர்த்தார். "குலை பழுத்திருக்கா இல்லையான்னு மேலே பார்க்காதீங்க புள்ளைங்களா, கீழே பாருங்க. உதிரிப்பழம் கிடக்கான்னு பாருங்க." அதிலிருந்தே ஒரு கணக்குக் கேள்வியும் வந்தது. இந்தப் பாடம் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்காது.

மூன்றாம் வாரம் தமிழில் தட்டெழுதினார்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பெற்றோருக்கு ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்பினால் பிள்ளை அதைத்தானே பார்த்துப் படிக்கும்? கவிஞரும் ஆசிரியருமான முரசு நெடுமாறன் அவர்களின் புதல்வர் முத்து நெடுமாறன் 1980களிலேயே கணினிக்குத் தமிழ் எழுத்தைக் கொண்டுவர உழைத்தவர். கைப்பேசியில் தமிழ் எழுதுவதற்கான அவருடைய செல்லினம் 2005 பொங்கலன்று வெளிவந்தது. இத்தனையும் நம் நாட்டுக்காரர் செய்த வேலை. நமக்கென்ன சோம்பல்?

இனி பெற்றோர்களிடம் என் வேண்டுகோள். மாலையில் அரை மணி நேரம் போனைப் பிள்ளையிடம் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம், குரல் பாடத்துக்குக் காது போதும். வகுப்புக் குழுவில் வரும் பிள்ளைகளின் படங்களை வெளியாருக்குத் தட்டிவிடாதீர்கள். உங்களைக் கேட்காமல் எந்தப் பிள்ளையின் முகத்தையும் பாடத்தில் காட்டுவதில்லை என்று ஆசிரியர்களும் முடிவு செய்திருக்கிறார்கள்.

வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான்காம் பயிற்சி. பால் வெட்டியவர்கள், குலை வெட்டியவர்கள், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர்கள் ஐந்தாறு பேர் வந்தால் நல்லது. ஆளுக்குப் பத்து நிமிடம் பேசினால் போதும், ஆசிரியர்கள் பதிவு செய்துகொள்வார்கள். வர விரும்புகிறவர்கள் விழா முடிந்ததும் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.