கடலின் ஒலியும் கற்கும் பொறியும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கடலுக்கடியில் ஒலி செல்லும் விதத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். அதில் நமக்கும் ஒரு பாடம் அடங்கியுள்ளது.

காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கின்றது. நீரின் வெப்பம், உவர்ப்பு, அழுத்தம் ஆகியவை இடத்திற்கு இடம் மாறுவதால் அவ்வேகமும் மாறுகின்றது. வேகம் குறைந்த பக்கமாக ஒலி வளைந்து செல்லும்.

1930களில் கியூபாவின் குவாண்டானமோ விரிகுடாவில், அமெரிக்கக் கடற்படையினர் எதிரொலியைக் கொண்டு நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறியப் பயின்றனர். காலையில் தெளிவாகக் கேட்ட எதிரொலி பிற்பகலில் மங்கியது. கருவியை இயக்குவோர் பகலுணவு உண்டு மந்தமாகிவிட்டனர் என்று பழித்தோரும் உண்டு. உட்ஸ் ஹோல் ஆய்வு நிலையத்தின் கொலம்பஸ் ஐசலின் முதலியோர் 1937-இல் நீரின் வெப்பத்தை ஆழந்தோறும் அளந்தனர். வெயிலால் மேல்நீர் சூடேற, ஒலி கீழ்நோக்கி வளைந்து கப்பலை எட்டாமற் போனது தெரியவந்தது. குற்றம் மனிதரிடம் இல்லை. நீரின் நிலையே காரணம்.

நம் பிள்ளைகளையும் "படிப்பு ஏறாது" என்று பழித்தனர். வீட்டில் விளக்கு உண்டா, கையில் புத்தகம் உண்டா, வகுப்பில் எங்கே அமர்த்தப்பட்டனர் என்பதை அளந்து பார்த்தவர் சிலரே. அந்தச் சூழலை மாற்றுவதே இக்கழகத்தின் 25 ஆண்டுப் பணி.

இன்று கடலொலியின் வழியைக் கணிப்பொறி கணிக்கின்றது. அலைச் சமன்பாடுகளைத் தீர்ப்பது பழைய முறை. பரந்த கடலுக்கு அது நெடுநேரம் பிடிக்கும். ஆகவே இயந்திரக் கற்றல் என்னும் புதுமுறை வந்துள்ளது. நீரின் தன்மை, ஆழம், கடல்தரை, ஒலி தேய்ந்த அளவு ஆகியவற்றைப் பல்லாயிரம் எடுத்துக்காட்டுகளாகப் பொறிக்குக் காட்டுவர். அவற்றின் தொடர்பைத் தானே கற்று, புதிய நிலைக்கும் அது விரைந்து விடை தரும். இயற்பியல் விதிக்கு முரணான விடையைத் தவறெனக் கணக்கிட்டுத் திருத்திப் பயிற்றுவதும் உண்டு. ஆயினும், எடுத்துக்காட்டுகளில் இடம்பெறாத தன்மையுடைய கடலில் அது தவறக்கூடும். அத்தவறான விடையையும் தயங்காமல் தரும்.

இளைஞர்களே! இத்தகைய பொறிகள் இன்று வேலைக்கு விண்ணப்பிப்போரைத் தரம் பிரிக்கவும் பயன்படுகின்றன. எவரை எடுத்துக்காட்டாகக் கொண்டு கற்றாய் என்று அவற்றைக் கேட்க நம்மவர் வேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1923-இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் வெளியிட்டபோது, கணக்கையும் சான்றையுமே படைக்கலமாகக் கொண்டார். அந்தப் படைக்கலம் உங்கள் கைக்கும் வரவேண்டும்.

கணக்கென்றால் அஞ்சி ஒதுங்காதீர். மேல்நிலை வகுப்பில் கணிதமும் இயற்பியலும் துணிந்து பயிலுங்கள். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தில் கடலொலி ஆராய்ச்சி நடைபெறுகின்றது. அளக்கப்படும் பொருளாக மட்டும் நில்லாமல், அளப்பவராக நீங்கள் அங்கே செல்ல வேண்டும். அதுவே இவ்வெள்ளி விழாவின் பயன் எனக் கூறி அமைகின்றேன்.