உப்புக்காற்றும் உறைபனியும்: ஊட்டிக்குப் போன மாங்கன்று

திருவொற்றியூரிலிருந்து பேசறேன். வழக்கமா இந்த நிகழ்ச்சியில நம்ம ஏரியா சங்கதிதான் பேசுவோம். மாடித்தோட்டம், போர் தண்ணியில வர்ற உப்பு, எண்ணூர்ப் பக்கம் இலைமேல படியற சாம்பல், இப்படி. இன்னைக்குக் கொஞ்சம் மலை ஏறப் போறோம். காரணம் ஒரு வாய்ஸ் மெசேஜ்.

அனுப்பினவர் நம்ம ஊர்க்காரர். தேரடிக்கு மேற்கே அவங்க வீட்டுல ஒரு பழைய மாமரம் இருந்திருக்கு. வீட்டை வித்தாச்சு, மரத்தையும் வெட்டியாச்சு. வேலை மாற்றலாகி இப்போ குடும்பத்தோட ஊட்டிக்குப் பக்கத்துல தலைகுந்தாவுல இருக்காங்க. அவங்க அம்மா கிளம்பும்போது அந்த மரத்துக் கொட்டையில முளைச்ச மூணு கன்னை எடுத்துட்டுப் போயிருக்காங்க. முதல் ஜனவரியில ஒண்ணு கருகிடுச்சு. அடுத்த ஜனவரியில இன்னொண்ணு. மிச்சம் இருக்கறது ஒண்ணுதான். "இதையும் மண்ணுல வைக்கணும்னு அம்மா சொல்றாங்க. வைக்கலாமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க"ன்னு கேக்கறார்.

பதிலுக்கு முன்னாடி, அந்தக் கன்னு எப்படிச் செத்ததுன்னு பார்த்துடலாம். காசிமேட்டுக்காரங்களுக்கு இதைப் புரியவைக்கறது ரொம்பச் சுலபம். கருவாடு போடறப்போ என்ன நடக்குது? மீன்மேல உப்பைப் போட்டா, உள்ள இருக்கற தண்ணியை உப்பு வெளியே இழுத்துடுது. நம்ம ஊர்ல உப்புத்தண்ணி ஊத்தின செடியோட வேருக்கும் ஏறத்தாழ இதே கதிதான். சுத்தி ஈரம் இருக்கும், ஆனா வேரால அதை உறிஞ்ச முடியாது.

உறைபனியும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்யுது. இலைக்குள்ள முதல்ல உறையறது செல்களுக்கு இடையில இருக்கற தண்ணி. அங்க உருவாகிற பனிக்கட்டி, செல்லுக்குள்ள இருக்கற தண்ணியை வெளியே இழுக்கும். செல் சுருங்கி, அதோட சவ்வு கிழியும். காலையில வெயில் பட்டதும் இலை கறுத்துத் தொங்கிடும். நீலகிரியில தேயிலை "பனியில கருகிடுச்சு"ன்னு சொல்றாங்களே, சரியான வார்த்தை அது. நெருப்பே இல்லாம கருகறது.

இதுக்கு முன்னாடியே இன்னொரு பாதிப்பு இருக்கு. வெப்பமண்டல மரங்களுக்கு, தண்ணி உறையற அளவுக்குப் போகாத குளிரே ஆகாது. வாழைப்பழத்தை ஃப்ரிட்ஜுல வைங்க, தோல் கறுத்துடும். வாழைக்குச் சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனாலே சிரமம் ஆரம்பிச்சிடும். சென்னையில இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே ஏறத்தாழ 14 டிகிரிதான். அதனால இந்தத் தொல்லை நமக்குத் தெரியாமலே போச்சு.

எந்த மரம் எந்தக் குளிரைத் தாங்கும்னு தெரிஞ்சுக்க புத்தகம் வேணாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியா ஊட்டிக்குப் பஸ்ஸுல ஏறினா போதும். சுமார் 50 கிலோமீட்டர்தான். அடிவாரத்துல, சுமார் 400 மீட்டர் உயரத்துல கல்லாறு. அங்க 1900இல் தொடங்கின அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கு. மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான் எல்லாம் அங்க காய்க்குது. கொஞ்சம் மேலே பர்லியார். அங்கேயும் மங்குஸ்தான், கூடவே ஜாதிக்காய். சுமார் 1,800 மீட்டர்ல குன்னூர் வந்ததும் பிளம்ஸ், பேரி, பீச் வந்துடும். 2,200 மீட்டரைத் தாண்டி ஊட்டி. 1,000 மீட்டர் ஏறினா வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். அந்தக் கணக்கை அந்த ரோட்டோரத்து மரங்களே நமக்குக் காட்டிடும்.

ஆனா உயரம் மட்டும் கணக்கில்லை. உறைபனி விழறது வானம் தெளிஞ்சு, காத்து அசையாத ராத்திரியில. தரையில இருக்கற சூடு நேரா வானத்துக்குப் போயிடும். குளிர்ந்த காத்து கனமானது. அது தண்ணி மாதிரி சரிவுல இறங்கி, பள்ளத்துல தேங்கும். அதனாலதான் ஊட்டியில உறைபனின்னாலே தலைகுந்தா, காந்தல்னு பள்ளமான இடங்களோட பேர் செய்தியில வருது. அதே ஊர்ல மேட்டுச் சரிவுல இருக்கற வீட்டுத் தோட்டம் தப்பிச்சிடும்.

சரி, ஊட்டி ஜனவரியோட சராசரிக் குளிர் 5, 6 டிகிரிதானே, மாமரம் சமாளிச்சுக்காதான்னு கேக்கலாம். மரத்தைக் கொல்றது சராசரி இல்லைங்க, அந்த வருஷத்தோட மோசமான ஒரு ராத்திரி. நமக்கு இது நல்லாவே தெரியும். 2016 டிசம்பர் 12இல் வர்தா வந்துச்சு. வருஷம் முழுக்கத் தெம்பா நின்ன மரங்கள் ஒரு மத்தியானத்துல சாய்ஞ்சுது. நம்ம ஒற்றியூர் கோயிலோட தலமரம் மகிழ மரம். கடலுக்கு இவ்வளவு பக்கத்துல உப்புக்காத்தைத் தாங்கி நிக்கக்கூடிய மரம் அது. மரம் தேர்ந்தெடுக்கணும்னா அந்த ஊரோட கெட்ட நாளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கணும்.

குளிர்ப் பிரதேசத்துல இருக்கற நேயர்கள் செய்யக்கூடியது என்னன்னு இப்போ சொல்றேன். ஊட்டி, கொடைக்கானல் மட்டுமில்ல, வெளிநாட்டுல கறிவேப்பிலையைத் தொட்டியில வளர்க்கறவங்களுக்கும் இதுல பாதி பொருந்தும்.

முதல்ல இடம். பள்ளத்தை விட்டுடுங்க. சரிவுக்குக் கீழ்ப்பக்கம் காம்பவுண்டுச் சுவர் இருந்தா, அது அணை மாதிரி குளிர்காத்தைத் தேக்கும். அதுல ஒரு திறப்பு விடுங்க. தெற்கு பார்த்த சுவரை ஒட்டி நடுங்க. பகல்ல வாங்கின வெயிலை அந்தச் சுவர் ராத்திரியில திருப்பித் தரும். சன்ஷேடுக்குக் கீழே வைச்சா இன்னும் நல்லது. மேலே கூரை இருந்தா செடியோட சூடு வானத்துக்கு ஓடாது.

ரெண்டாவது, மண். பனி விழும்னு தெரிஞ்சா பகல்லயே மண்ணை நல்லா நனைச்சிடுங்க. ஈரமண் காய்ஞ்ச மண்ணைவிட அதிகச் சூட்டைப் பிடிச்சு வைக்கும். நம்ம ஊர்ல மூடாக்கு போடுங்கன்னு நானே ஓயாம சொல்லுவேன். அங்க பனிக்காலத்துல அதை ஒதுக்கி வைங்க. இலைதழை மூடியிருந்தா மண்ணோட சூடு மேலே வராது.

மூணாவது, மூடறது. நாலு குச்சி நட்டு, இலைமேல படாம சாக்கோ துணியோ போட்டு, தரை வரைக்கும் இறக்கி விடுங்க. மேலே குடை மாதிரி மட்டும் போட்டா தரைச்சூடு பக்கவாட்டுல போயிடும். காலையில வெயில் வந்ததும் எடுத்துடுங்க.

நாலாவது, உரம். புரட்டாசிக்கு மேல தழைச்சத்து கொடுக்காதீங்க. இளந்தளிர் விட்டா முதல்ல கருகறது அதுதான். கருகின கிளையை உடனே வெட்டவும் கூடாது. பங்குனி வரைக்கும் பொறுங்க. எது உயிரோட இருக்குன்னு மரமே துளிர்விட்டுக் காட்டும்.

எல்லா மரமும் ஒரே மாதிரி இல்லை. பப்பாளி, வாழை தாங்காது. கொய்யா மேலே கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்க வாய்ப்பு உண்டு. பட்டர் ஃப்ரூட்டுல மெக்சிகோ இனம் கொஞ்சம் உறைபனியைத் தாங்கும். மேற்கிந்திய இனம் தாங்காது. கன்னு வாங்கும்போது எந்த இனம்னு கேளுங்க. மரத்தக்காளி பனியில அடிபடும், ஆனா நட்ட ரெண்டு வருஷத்துக்குள்ள காய்ச்சிடும், திரும்ப நடறது சுலபம்.

மாமரம்? வளர்ந்த மரம் லேசான பனியைச் சமாளிக்கலாம். இளங்கன்னு உறைநிலைக்குச் சற்றுக் கீழே போனாலே செத்துடும். தப்பிச்சு வளர்ந்தாலும் குளிர்காலத்தை ஒட்டித்தான் பூக்கும். அந்தக் குளிர்ல பூ பிஞ்சாகறது கஷ்டம். அதனால அந்த நேயருக்கு நேராவே சொல்லிடறேன். தலைகுந்தா மண்ணுல அந்தக் கன்னை வைக்காதீங்க. தொட்டியிலேயே இருக்கட்டும். நவம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் ராத்திரியில வீட்டுக்குள்ள வந்துடட்டும்.

அம்மாகிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க. நம்ம ஊர் மாவுல பெரும்பாலும் கொட்டையில வர்றது தாய்மரத்தோட நகல் இல்லை. பழம் அப்படியே வரும்னு சொல்ல முடியாது. அது அந்த மரத்தோட பிள்ளை. அந்த மரமே போயிட்டதால, இந்தப் பிள்ளை இன்னும் முக்கியம். ஒரே ஒரு கன்னை நம்பி இருக்காதீங்க. தண்டு பென்சில் பருமன் வந்ததும் ஒரு குச்சி எடுத்து, ஒட்டுக்கட்டத் தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்து, வேற மாங்கன்னுமேல ஒட்டுங்க. அந்த ஒட்டுக்கன்னு அடிவாரத்துலயோ, திருவொற்றியூர்ல சொந்தக்காரங்க வீட்டுலயோ மண்ணுல இறங்கட்டும். காய்க்கவேண்டியது அது. அம்மா பக்கத்துல இருக்கவேண்டியது தொட்டியில இருக்கறது.

செலவு அதிகமில்லாத ஒரு வேலையோட முடிச்சுக்கறேன். குறைந்தபட்ச வெப்பநிலையைப் பதிவு பண்ணி வைக்கற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி, கன்னு இருக்கற உயரத்துலயே ஒரு குளிர்காலம் முழுக்க மாட்டி வைங்க. செய்தியில சொல்றது ஊரோட குளிர். உங்களுக்குத் தேவை உங்க தோட்டத்து மூலையோட குளிர். அந்த எண்ணைக் குறிச்சு வைச்சு எனக்கும் அனுப்புங்க. அதைப் பார்த்து மரம் சொல்றேன்.

அடுத்த எபிசோடுல நம்ம மண்ணுக்கே திரும்பிடுவோம். போர் தண்ணி உப்பா இருக்கற வீட்டுல சப்போட்டா வளர்க்கறதைப் பத்திப் பேசலாம்.